புரோமைடு: மருந்துப் புட்டியிலிருந்து வந்த சொல்

ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒருவர் ஒரு தலைவரின் மேடைப்பேச்சைப் 'புரோமைடு' என்று எழுதினால், அந்தத் தலைவர் பொய் பேசினார் என்று குற்றம் சாட்டவில்லை. உண்மை பேசினார் என்று சான்று கொடுக்கவும் இல்லை. கேட்டவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்ட ஆறுதலை, அதே சொற்களில், அவர்கள் மேற்கொண்டு எதையும் கேட்காதபடி சொல்லிவிட்டு இறங்கினார் என்பதே அதன் பொருள். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் வெள்ளைப் பொடியாகக் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் ஓர் உப்பின் பெயர் மனிதப் பேச்சின் ஒரு குணத்துக்குப் பெயரான கதையைத்தான் இந்த உரை சொல்லப்போகிறது.

வேதியியலிலிருந்து பொதுப்பேச்சுக்கு வந்த சொற்கள் பல உண்டு. வினையூக்கி என்ற சொல் தமிழிலேயே அரசியல் கட்டுரைகளுக்குள் வந்துவிட்டது. இடைத்தேர்தலை 'லிட்மஸ் சோதனை' என்று செய்தியாளர்கள் எழுதுகிறார்கள். பொன்னை உரசி அமிலம் விட்டுப் பார்த்த தட்டான்களின் வழக்கத்திலிருந்து 'அமிலச் சோதனை' வந்தது. இவற்றில் எல்லாம் ஆய்வகத்தில் இருந்த பொருளே சற்று நீண்டு வெளியே வந்திருக்கிறது. புரோமைடு நேராக வரவில்லை. ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து வீட்டு மருந்தலமாரிக்கு வந்து, அரை நூற்றாண்டு மக்களின் நரம்பில் ஊறிய பிறகுதான் அகராதியில் புதுப்பொருள் பெற்றது. அதனால் அந்த மருந்தை அறியாதவருக்கு இந்தச் சொல்லின் கூர்மை பாதிதான் விளங்கும்.

கதை உப்பளத்தில் தொடங்குகிறது. பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலை ஒட்டிய மோன்பெலியே நகரில், அந்துவான் ஜெரோம் பலார் என்ற இளைஞர் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். பாத்தியில் உப்பு விளைந்து, அதை வாரியெடுத்த பிறகு, அடியில் கசப்பான நீர் ஒன்று தேங்கி நிற்கும். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அந்த நீரில் அயோடின் இருக்கிறதா என்று தேடிய பலார், அதில் குளோரினையும் மாவுச்சத்தையும் சேர்த்துப் பார்த்தார். அயோடினுக்கு உரிய நீலம் தெரிந்தது. அதற்கு மேலே, யாரும் எதிர்பாராத அடர்மஞ்சள் படலம் ஒன்றும் தெரிந்தது. அந்த மஞ்சளைப் பிரித்தெடுத்தபோது கருஞ்சிவப்பு நிறத்தில், மூக்கையும் கண்ணையும் எரிக்கும் ஆவி எழுப்பும் ஒரு திரவம் கிடைத்தது. 1826-இல் அவர் முடிவை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்து நான்குகூட நிறைந்திருக்கவில்லை.

உப்புநீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'மியூரைடு' என்று பெயர் வைக்கப் பலார் விரும்பினார். பாரிஸ் அறிவியல் கழகம் வோக்லன், தெனார், கே-லுசாக் ஆகிய மூவரை ஆராய அமர்த்தியது. அந்தக் குழு கண்டுபிடிப்பை ஒப்புக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றியது. கிரேக்கத்தில் துர்நாற்றத்துக்கு வழங்கும் 'புரோமோஸ்' என்ற சொல்லிலிருந்து புதுத் தனிமம் புரோமின் ஆனது. ஜெர்மனியில் கார்ல் லோவிக் என்ற மாணவர் 1825-லேயே க்ரொய்ட்ஸ்நாக் ஊற்றுநீரிலிருந்து இதே பொருளைப் பிரித்திருந்தார். இன்னும் கொஞ்சம் தயாரித்துக் காட்டு என்று ஆசிரியர் சொன்னதால் அவர் காத்திருந்தார். அதற்குள் பலாரின் கட்டுரை வந்துவிட்டது. பெரும் வேதியியலரான யுஸ்டஸ் லீபிக்கிடமும் இதே பொருள் ஒரு புட்டியில் இருந்தது. அவர் அதை அயோடினும் குளோரினும் சேர்ந்த ஒன்று என்று முடிவுகட்டிச் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். பலாரின் செய்தியைப் படித்த பிறகு அந்தப் புட்டியைத் தம் தவறுகளுக்கென்று ஒதுக்கிய அலமாரியில் வைத்து, வருவோருக்கெல்லாம் காட்டினார் என்று சொல்வார்கள். இந்தக் கதையில் லீபிக்கின் பெருமை குறைவதே இல்லை.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைடு கரைந்திருக்கிறது. சாக்கடல் நீரில் அது லிட்டருக்கு 5 கிராம் அளவுக்குப் போகிறது. மனிதன் இந்தத் தனிமத்தை அறியாமலே நெடுங்காலம் பயன்படுத்தியும் இருக்கிறான். ரோமப் பேரரசர்கள் உடுத்திய ஊதாச் சாயம் ஒருவகைக் கடல்நத்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 1909-இல் பால் ஃப்ரீட்லேண்டர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயம் பிரித்து ஆராய்ந்தபோது, அதன் மூலக்கூறில் இரண்டு புரோமின் அணுக்கள் இருப்பதைக் கண்டார்.

தனிமமாக இருக்கும் புரோமின் கொடியது. சோடியத்தோடோ பொட்டாசியத்தோடோ சேர்ந்து உப்பாகிவிட்டால் சாதுவாகிவிடும். பார்வைக்கும் ருசிக்கும் சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. அந்த உறவுதான் பின்னால் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

இனி மருத்துவம். 1857 மே மாதம் லண்டனில் அரச மருத்துவ, அறுவைக் கழகத்தின் கூட்டம் நடந்தது. எட்வர்டு சீவ்கிங் என்ற மருத்துவர் தாம் பார்த்த ஐம்பத்திரண்டு வலிப்பு நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். வலிப்புக்கு அன்று உருப்படியான மருந்து எதுவும் கிடையாது. தலைமை வகித்தவர் சர் சார்லஸ் லோகாக். விக்டோரியா அரசியின் பேறுகால மருத்துவர். கட்டுரை முடிந்ததும் அவர் எழுந்து, மாதவிலக்கை ஒட்டி வலிப்பு வரும் பெண்களுக்குத் தாம் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துப் பார்த்ததாகவும், பதினான்கு பதினைந்து பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு வலிப்பு நின்றதாகவும் சொன்னார். கட்டுரையை அன்றைக்கே பலர் மறந்திருப்பார்கள். தலைவர் போகிறபோக்கில் சொன்ன சில வாக்கியங்கள் மருத்துவ வரலாற்றில் நிலைத்தன.

லோகாக் அந்த மருந்துக்குப் போன வழி இன்று படித்தால் திகைப்பூட்டும். ஜெர்மானியர் ஒருவர் புரோமைடைத் தாமே உட்கொண்டு பார்த்து, அது தற்காலிகமாக ஆண்மையை அடக்குகிறது என்று எழுதியிருந்தார். வலிப்புக்குக் காமக் கிளர்ச்சியே காரணம் என்பது அக்கால மருத்துவர் பலரின் நம்பிக்கை. கிளர்ச்சியை அடக்கினால் வலிப்பும் அடங்கும் என்று லோகாக் கணக்குப் போட்டார். கணக்கின் ஒவ்வொரு படியும் தவறு. விடை மட்டும் சரியாக வந்தது. புரோமைடு மூளை நரம்புகளின் மிகையான துடிப்பைத் தணிக்கக்கூடியது. காமத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த இடத்தில் அந்த மருந்துக்கு உரிய நன்றியைச் சொல்லிவிட வேண்டும். வலிப்பு கண்டவரைப் பேய் பிடித்தவர் என்று ஒதுக்கி, மனநோயாளிகளோடு அடைத்து வைத்த காலம் அது. ஒரு நாளில் பலமுறை விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் புரோமைடால் வாரக்கணக்கில் விழாமல் இருந்தார்கள். லண்டனில் நரம்பு நோய்களுக்கான தேசிய மருத்துவமனை 1870-களின் நடுவில் ஆண்டுக்கு இரண்டரை டன் புரோமைடு செலவழித்தது. 1912-இல் ஆல்ஃபிரட் ஹவுப்ட்மன் பீனோபார்பிட்டாலைக் கொண்டுவரும்வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், வலிப்புக்காரர்களுக்குக் கிடைத்த நம்பகமான மருந்து அநேகமாக இது ஒன்றுதான்.

வலிப்பை அடக்கிய மருந்து வேறு எவற்றையெல்லாம் அடக்கும் என்று மருத்துவர்கள் தேடத் தொடங்கினார்கள். தூக்கமின்மை, படபடப்பு, தலைவலி, குழந்தையின் அழுகை, விதவையின் துயரம், பரீட்சை பயம் என எல்லாவற்றுக்கும் புரோமைடு கொடுத்தார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஐசக் எமர்சன் 1888-இல் 'புரோமோ-செல்ட்ஸர்' என்ற பொடியை விற்கத் தொடங்கினார். நீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும். தலைவலி, வயிற்றுக்கோளாறு, நரம்புத்தளர்ச்சி எல்லாம் போகும் என்று விளம்பரம். நீலக் கண்ணாடிப் புட்டியில் வந்த அந்தப் பொடி எமர்சனைப் பெரும் செல்வராக்கியது. 1911-இல் அவர் ஊர் நடுவே கடிகாரக் கோபுரம் ஒன்று எழுப்பி, அதன் உச்சியில் 51 அடி உயர நீலப் புட்டியை விளக்கொளியோடு சுழலவிட்டார். 1936-இல் அந்தப் புட்டியை இறக்கிவிட்டார்கள். கோபுரம் இன்றும் நிற்கிறது. மருந்தின் பெயரெழுத்துகள் கடிகாரத்தைச் சுற்றி நிற்கின்றன.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள், தங்கள் தேநீரில் ராணுவம் புரோமைடு கலக்கிறது, ஆசையை அடக்கத்தான் இந்த ஏற்பாடு என்று உறுதியாக நம்பினார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. லோகாக்கைக் கவர்ந்த பழைய நம்பிக்கை அறுபது ஆண்டு கழித்துப் பதுங்குகுழிக்குள் வதந்தியாக உயிரோடு இருந்தது.

புரோமைடு உடம்புக்குள் செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். சொல்லின் பொருள் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நம் சிறுநீரகத்துக்குக் குளோரைடு வேண்டியது. அதை வடித்துவிட்டு மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. புரோமைடும் ஏறத்தாழ அதே உருவும் மின்னூட்டமும் கொண்டிருப்பதால், அதையும் குளோரைடு என்றே எண்ணிச் சேர்த்துக்கொள்கிறது. இன்று உட்கொண்டதில் பாதி வெளியேற ஏறத்தாழ 12 நாள் ஆகும். தினமும் ஒரு வேளை குடிப்பவரின் உடம்பில், நேற்றையதும் முந்தாநாளையதும் போனவாரத்தையதும் கூடிக்கொண்டே போகும். முதல் வாரத்தில் நல்ல தூக்கம். அடுத்தடுத்த வாரங்களில் மந்தம், மறதி, நாக்குழறல், கை நடுக்கம், முகத்தில் கட்டிகள். அதற்கும் மேலே போனால் எரிச்சல், சந்தேகம், இல்லாத குரல்கள் காதில் கேட்பது. எந்த ஒரு நாளையும் சுட்டி, இந்த நாளில்தான் நஞ்சானது என்று சொல்ல முடியாது. இன்னும் மோசம் என்னவென்றால், நோயாளி அமைதி இழந்து தவிப்பதைப் பார்த்த வீட்டாரும் மருத்துவரும் அதை அடக்க மேலும் ஒரு வேளை புரோமைடு கொடுத்தார்கள். இந்த நிலைக்குப் 'புரோமிசம்' என்று பெயர் வந்தது. இரத்தத்தில் புரோமைடின் அளவைக் கணக்கிட்டு மருந்து கொடுக்கும் முறையை 1927-இல் அமெரிக்காவில் ஒட்டோ வூத் வெளியிட்ட பிறகே, மனநோய் விடுதியில் பித்தர் என்று சேர்க்கப்பட்டிருந்தவர்களில் பலர் மருந்தால் மயங்கியவர்கள் என்று தெரியவந்தது.

மாற்று மருந்து எது தெரியுமா? சமையல் உப்பும் தண்ணீரும். குளோரைடு நிறைய உள்ளே போனால் சிறுநீரகம் புரோமைடை வெளியே தள்ளிவிடும். சாரமற்ற பேச்சைத் தமிழர்கள் 'உப்புச்சப்பில்லாத பேச்சு' என்கிறார்கள். பிரிட்டனையும் அமெரிக்காவையும் அறியாமல் பிறந்த அந்த வழக்கு, புரோமைடின் வேதியியலோடு இவ்வளவு பொருந்திப்போவது மகிழ்ச்சி தரும் தற்செயல்.

இந்த மருந்தும் அதன் மந்தமும் ஒவ்வொரு அமெரிக்க வீட்டிலும் அறிமுகமாயிருந்த வேளையில்தான் ஜிலெட் பர்ஜஸ் வந்தார். 1866-இல் பாஸ்டனில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படித்து, ரயில் நிறுவனத்தில் வரைபடம் வரைந்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நில வரைபடக்கலை கற்பித்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் மதுவிலக்குப் பிரசாரகர் ஒருவர் நிறுவியிருந்த குடிநீர்ச் சிலையை 1894-இல் இரவோடு இரவாகக் கவிழ்த்த கூட்டத்தில் இருந்தார் என்று அந்த ஆசிரிய வேலை போயிற்று. அதன்பின் முழுநேர எழுத்தாளரானார். ஊதாப் பசு ஒன்றைப் பற்றி 1895-இல் அவர் எழுதிய நான்கு வரி வேடிக்கைப் பாட்டை நாடு முழுவதும் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

1906-இல் அவர் 'தி ஸ்மார்ட் செட்' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு நியூயார்க்கில் ஹியூப்ஷ் என்ற பதிப்பாளர் அதைச் சிறு நூலாக வெளியிட்டார். 'நீங்கள் ஒரு புரோமைடா?' என்பது நூலின் பெயர். மனிதர்களை இரண்டே இனமாகப் பிரிக்கலாம் என்றார் பர்ஜஸ். ஓர் இனம் புரோமைடு, மற்றது சல்ஃபைட். ஊரோடு ஒத்து நினைத்து, போட்ட பாதையிலேயே நடந்து, எந்தச் சூழலில் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே நம்மால் சொல்லக்கூடியவர் புரோமைடு. எந்த நிமிஷம் எதைச் சொல்வார் என்று கணிக்க முடியாதவர் சல்ஃபைட். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைச் சல்ஃபைட் என்றும், அறிவுரையாகப் பொழியும் பொலோனியஸைப் புரோமைடு என்றும் அவர் வகைப்படுத்தினார்.

இந்தச் சிறு நூலில் ஆழமான இடம் ஒன்று உண்டு. புரோமைடு பேசும் வாக்கியத்தில் குறை அதன் பழமை அல்ல என்கிறார் பர்ஜஸ். அந்த வாக்கியம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அழகாகவும் இருக்கலாம். அது தவிர்க்க முடியாததாக வந்துவிழுவதே குறை. வெக்கை நாளில் சந்திக்கும் ஒவ்வொருவரும் வெயிலைவிடப் புழுக்கம்தான் தாங்கவில்லை என்று, ஏதோ தாமே கண்டறிந்ததைப் போலச் சொல்கிறார்கள் அல்லவா? அவர் அடுக்கிக் காட்டிய வாக்கியங்கள் அந்த வகை. சூழல் ஒரு பொத்தானை அழுத்துகிறது, வாக்கியம் வெளியே வருகிறது, நடுவில் மனம் எதுவும் வேலை செய்யவில்லை. புரோமைடு குடித்தவரின் மந்தத்தை வீட்டில் கண்ட வாசகர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படாமல் அன்றே விளங்கியது.

பர்ஜஸ் ஆளுக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார். மக்கள் விரைவிலேயே அதை ஆளிடமிருந்து எடுத்து வாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று ஆங்கிலத்தில் புரோமைடு என்றால் பேசுபவரைவிடப் பேச்சையே அதிகம் குறிக்கும். சல்ஃபைட் என்ற மறுபாதி அடியோடு மறைந்துபோனது. அதற்கும் காரணம் சொல்லலாம். சல்ஃபைட்டை யாரும் தூக்கத்துக்காகக் குடித்ததில்லை. அந்தச் சொல்லுக்கு வாசகரின் அனுபவத்தில் பிடிமானம் இல்லை. ஒரு புது வழக்கைச் சமூகம் ஏற்பதும் தள்ளுவதும் இப்படித்தான் நடக்கிறது. புனைந்தவரின் திறமைக்கு அதில் பங்கு குறைவு.

அதே நூலுக்கு 1907-இல் நடந்த புத்தக விற்பனையாளர் விருந்தில் பர்ஜஸ் தனி அட்டை ஒன்று அச்சிட்டுக் கொடுத்தார். நூலைப் புகழ்ந்து கூவும் கற்பனைப் பெண்ணொருத்தியின் படத்தைப் போட்டு, அவள் பெயர் 'பெலிண்டா பிளர்ப்' என்றார். புத்தகப் பின்னட்டையில் இன்றுவரை பதிப்பாளர்கள் போடும் புகழ்ச்சிக் குறிப்புக்கு ஆங்கிலத்தில் 'பிளர்ப்' என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. 1914-இல் தாம் புனைந்த சொற்களையெல்லாம் ஓர் அகராதியாகவே வெளியிட்டார். நூறு சொற்கள் அளவுக்குச் சென்ற அந்தப் பட்டியலில் நிலைத்தவை மிகச் சில.

பழகித் தேய்ந்த பேச்சைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வேறு சொற்களும் இருந்தன. 'கிளிஷே' என்பது பிரெஞ்சு அச்சுக்கூடத்தின் சொல். எழுத்துகளைச் சேர்த்து ஒரே தகடாக வார்த்தெடுத்த அச்சுக்கு அந்தப் பெயர். 'ஸ்டீரியோடைப்' என்பதும் அதே தகடுதான். தமிழில் எழுத்தாளர்கள் 'தேய்வழக்கு' என்கிறார்கள். இவை எல்லாம் மறுபடி மறுபடி வருவதைக் குறிக்கின்றன. புரோமைடு மட்டும் அதோடு நிற்கவில்லை. அந்தப் பேச்சு கேட்பவருக்கு என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது: அவரை அமைதிப்படுத்துகிறது. இந்த ஒரு காரணத்துக்காக மற்றச் சொற்களைவிட இது மேலானது.

பின்னால் புரோமைடும் அச்சுக்கூடத்துக்கு வந்துசேர்ந்தது. 1871-இல் ரிச்சர்டு லீச் மடாக்ஸ் வெள்ளிப் புரோமைடை ஜெலட்டினில் கலந்து புகைப்படத் தகடு செய்யலாம் என்று காட்டியதிலிருந்து, நூறாண்டுக்கு மேல் கருப்புவெள்ளைப் படங்கள் அந்த உப்பை நம்பியே பிறந்தன. ஒளி அச்சுக்கோப்பு வந்த காலத்தில் தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களிலும் எழுத்துகள் பளபளப்பான தாளில் வெளிவந்தன. அந்தத் தாளைப் 'புரோமைட்' என்றே அங்கே சொன்னார்கள். வெட்டி ஒட்டிப் பக்கம் அமைத்தார்கள். அந்தத் தலைமுறை உதவியாசிரியர்கள் தினமும் உச்சரித்த சொல் இது.

மருந்துக் கதையின் முடிவில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வா தூக்கத்துக்காகப் பல ஆண்டுகள் குளோரலும் புரோமைடும் கலந்த மருந்தை வேண்டிய அளவு குடித்துவந்தார். உடல் சீர்கெட்டு, 1954 தொடக்கத்தில் வெயில் தேடி இலங்கைக்குக் கப்பல் ஏறினார். நடுக்கடலில், தம்மைப் பற்றிச் சக பயணிகள் சதி பேசுவதும் பழிப்பதும் அறைச் சுவர் வழியாக அவருக்குக் கேட்கத் தொடங்கியது. அப்படி யாரும் பேசவில்லை. தாங்க முடியாமல் எகிப்தில் இறங்கி விமானத்தில் கொழும்பு வந்தார். குரல்களும் கூடவே வந்தன. லண்டன் திரும்பியதும் மருத்துவர்கள் இது புரோமைடு நஞ்சு என்று கண்டார்கள். மருந்தை நிறுத்தியதும் குரல்கள் ஓய்ந்தன. அந்த அனுபவத்தை அவர் 1957-இல் 'கில்பர்ட் பின்ஃபோல்டின் சோதனை' என்ற நாவலாக எழுதினார். நாவலின் நாயகனும் இலங்கைக்குத்தான் கப்பல் ஏறுகிறார்.

அமெரிக்காவில் 1975-இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் மருந்துகளிலிருந்து புரோமைடு நீக்கப்பட்டது. புரோமோ-செல்ட்ஸரின் செய்முறையிலிருந்தும் போய்விட்டது. கால்நடை மருத்துவர்கள் மட்டும் வலிப்பு வரும் நாய்களுக்குப் பொட்டாசியம் புரோமைடை இன்றும் கொடுக்கிறார்கள். ஒழிந்தது என்று எண்ணிய புரோமிசம் 2025-இல் ஒரு மருத்துவ இதழில் மறுபடி தலைகாட்டியது. அமெரிக்காவில் அறுபது வயது மனிதர் ஒருவர், உணவில் குளோரைடைத் தவிர்க்க நினைத்து, செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியைக் கலந்துகொண்டு, சமையல் உப்புக்குப் பதில் சோடியம் புரோமைடை வாங்கி மூன்று மாதம் உட்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் தமக்கு நஞ்சு வைக்கிறார் என்ற சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். நஞ்சு அவர் சமையலறையிலேயே இருந்தது.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, சொல்லின் உருவகப் பொருளைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. அலுப்பூட்டும்படி பேசுபவரையெல்லாம் புரோமைடு என்று அழைத்த பர்ஜஸ் மருந்தின் ஒரு பக்கத்தை மட்டுமே எடுத்துக்கொண்டார். வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் நாலு பேர் ஒன்றுபோலப் பேசுவதால் யாருக்கும் தீங்கு இல்லை. அது மனிதர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் முறை. துக்கவீட்டில் 'என்ன செய்வது, நம் கையில் என்ன இருக்கிறது' என்று சொல்கிறோம். அந்த வாக்கியத்திலும் புதுமை இல்லை. ஆனால் சொன்னவர் இருபது மைல் பஸ்ஸில் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே வாக்கியம் ஒரு சாக்கு. வந்து இருப்பதுதான் ஆறுதல். அதைப் புரோமைடு என்பது அநியாயம்.

கேட்பதற்கு உரிமையும் காரணமும் உள்ள ஒருவரிடம், பதிலுக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் ஆறுதலே அசலான புரோமைடு. பாலம் இடிந்த மறுநாள் 'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்கிறார் அமைச்சர். மனு கொடுத்தவரிடம் 'ஆவன செய்யப்படும்' என்கிறது அலுவலகக் கடிதம். அறிஞர் ஒருவர் இறந்தால் 'ஈடுசெய்ய முடியாத பேரிழப்பு' என்று அறிக்கை வருகிறது. அவர் எழுதியது என்ன, அதில் எது இனி கிடைக்காது என்று ஒரு வரி அதில் இல்லை. ஆறு மாதமாக இருமும் நோயாளியிடம் பரிசோதனை முடிவைப் பார்க்காமலே 'பயப்பட ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நல்ல வாக்கியம்தான். ஒரு தடவை கேட்டால் மனம் ஆறக்கூடச் செய்யும். ஆனால் மருந்தைப் போலவே அவை வெளியேறாமல் தங்குகின்றன. இருபது வருஷம் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று கேட்ட ஊர், பின் நடவடிக்கை என்ன ஆயிற்று என்று கேட்பதையே விட்டுவிடுகிறது. எந்த நாளில் அது கேட்பதை நிறுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

மருந்து கொடுத்த மருத்துவர்களும் கெட்டவர்கள் அல்லர். தவிக்கும் ஒருவரை உடனே அமைதிப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் அவர்களை இன்னொரு வேளை கொடுக்க வைத்தது. மேடையில் பேசுபவர்களும் அறிக்கை எழுதுபவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆகவே இங்கே வந்திருப்பவர்களில் பேச்சும் எழுத்தும் தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரங்கல் குறிப்பு எழுதும்போது இறந்தவர் செய்த ஒரு காரியத்தையாவது பெயர் சொல்லி எழுதுங்கள். அதிகாரி 'விரைவில்' என்று சொன்னால், எந்தத் தேதி என்று கேட்டு, அந்தத் தேதியைச் செய்தியில் போடுங்கள். அந்தத் தேதி வந்ததும் மறுபடி போய்க் கேளுங்கள்.